வெள்ளம் என்று அவள் சொன்னது

கொழிஞ்சாம்பாறை பால் சங்கத்தில்
விடிகாலை ஐந்தரைக்கு என் கையில் லாக்டோமீட்டர்.
கண்ணாடிக் குச்சி ஒரு கோடு கூட அமிழ்ந்தால் போதும்,
"என்ன, மாட்டைக் குளத்துல நிறுத்திக் கறந்தீங்களா?" என்பேன்.
பாலில் தண்ணீர் கலந்தால் எனக்குத் தெரியும்.

தண்ணீரில் கலந்ததைச் சொல்ல வந்தவள்
சித்தூர்க்காரி, ஸ்ரீலேகா நர்ஸ்.
பக்கத்து வீட்டு ஷைனிக்குப் பிள்ளை பிறந்து நாற்பத்தோரு நாள்,
தாய்ப்பால் பற்றாமல் பொடிப்பால்.
கிணற்று நீரில் ஒரு காகிதக் கீற்றை நனைத்து
வாட்சையே பார்த்து நின்றாள் நர்ஸ்.
கீற்று ரோஜா நிறத்துக்கு வந்தது.
"வெள்ளம் கொள்ளில்ல" என்றாள்.

இருபது வருஷமாக இந்தப் பக்கம் குடியிருக்கிறேன்.
இன்னும் அந்தச் சொல்லைக் கேட்டால்
முழங்கால் அளவு பெருக்கு ஒன்று வந்து போகும் எனக்குள்,
பிறகுதான் அது குடிக்கிற தண்ணீராகும்.
அன்றைக்கு வடியவில்லை.

நைட்ரேட், என்றாள்.
கைக்குழந்தைக்கு உதடு நீலம் பாயும்.
கொதிக்க வைத்தால் போகாது, இன்னும் செறியும்.
ஷைனி கொதிக்க வைத்துத்தான் கரைத்திருக்கிறாள்,
இருபது நிமிஷம், சிலிண்டர் தீரத் தீர.

என் வீட்டு முன்னால் பத்துக்குப் பதினாறடி புல்.
பாலக்காட்டு நர்சரியில் பாய் பாயாக வாங்கி விரித்தது.
இடவப்பாதி மழை இடிக்கிற சாயங்காலம்
யூரியாவைக் கோழிக்கு அரிசி போல வீசுவேன்.
மழை கரைத்துக் கொடுக்குமே என்று கணக்கு.
கரைத்துத்தான் கொடுத்தது.
கொல்லையில் எங்கள் மாட்டு எருக்குழி.
அதிலிருந்து ஷைனியின் கிணறு பதினேழு எட்டு.
ராத்திரி அளந்தேன்,
டார்ச் அடிக்காமல், திருடி மாதிரி.

மேட்டுத் தோப்புக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள்,
நான் போட்டது ஒரு பிடி.
இதைச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் தூங்கினேன்.
மூன்றாம் நாள் கடப்பாரை எடுத்தேன்.

புல்லை உரித்தபோது வேர் விரலளவுகூட இல்லை,
அடியில் கரிசல் பிளந்து கிடந்தது.
"புல்லு உன்னை என்னடி பண்ணுச்சு?" என்றார் இவர்.
கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு பள்ளம்,
கரையில் வெட்டிவேர், உள்ளே கல்வாழை, சேம்பு.
மழை அதில் நின்று யோசித்துவிட்டுப் போகட்டும்.
எருக்குழியைத் தாழ்ந்த மேற்கு மூலைக்கு மாற்றி
சிமெண்ட் வளையம் இறக்கித் தகரம் மூடினோம்.
சாணி அள்ளிய தோள்வலி ஒரு வாரம்.
மிச்ச யூரியாவைக் கடையில் திரும்ப வாங்கவில்லை,
திறந்த மூட்டையாம்.
கட்டிப் பரணில் ஏற்றியிருக்கிறேன். அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்குப் பஞ்சாயத்துக் குழாய் உண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.
சங்கத்துப் பழைய கேனைச் சோடாப் போட்டுத் தேய்த்து
நிரப்பித் தினமும் ஷைனி வாசலில் வைத்தேன்.
"பாலா அக்கா?"
"தண்ணி. ஒரு சொட்டுப் பால் கலக்காதது."
அவள் சிரித்தாள். என் வாய் அதோடு மூடிக்கொண்டது.
நல்ல அக்கா என்று தெருவில் பேர் வேறு.

ஐப்பசியில் நர்ஸ் மறுபடி வந்தாள்.
கீற்று கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது,
காலை வெயிலாகவும் இருக்கலாம்.
"நோக்காம்" என்று எழுதிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தாள்.

ஷைனி பிள்ளையை இடுப்பில் ஏற்றி
மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
பள்ளத்தில் ராத்திரி மழை இன்னும் நின்றது, சேம்பிலை அசைந்தது.
"குழி எதுக்கு அக்கா, மீன் வளர்க்கவா?"

பிள்ளையின் உதட்டைப் பார்த்தேன். சிவப்புதான்.
கேனைக் கீழே வைத்தேன்.
"கொஞ்சம் இறங்கி வா ஷைனி" என்றேன்,
"ஒண்ணு சொல்லணும்."